செடிகள் எவ்வளவு சாப்பிடுகின்றன? காற்றை அளந்து கண்டுபிடித்த கதை

ஒரு செடி ஒரு நாளில் எவ்வளவு கரியமில வாயுவை உறிஞ்சுகிறது என்று கேட்டால் பதில் சொல்லிவிடலாம். செடியை ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, உள்ளே போகும் காற்றையும் வெளியே வரும் காற்றையும் அளந்தால் போதும். ஆனால் உலகத்தில் இருக்கும் மரம், செடி, கொடி, புல், பயிர் எல்லாம் சேர்ந்து எவ்வளவு உறிஞ்சுகின்றன? சைபீரியக் காட்டைப் பெட்டிக்குள் வைக்க முடியாது. அமேசானைத் தராசில் ஏற்ற முடியாது.

இந்தக் கேள்விக்கு விஞ்ஞானிகள் கண்டுபிடித்த வழி கொஞ்சம் விசித்திரமானது. செடியை விட்டுவிட்டு, காற்றை அளந்தார்கள். காற்றில் மிகச் சிறிய அளவில் கலந்திருக்கும் சில வாயுக்கள், தாவரங்கள் செய்யும் வேலையின் கணக்கைத் தங்களிடம் வைத்திருக்கின்றன. அந்தக் கணக்கைப் படிக்கக் கற்றுக்கொள்ள எழுபது ஆண்டுகள் ஆயின. இன்னும் முழுவதும் படித்து முடிக்கவில்லை.

தராசில் தொடங்கிய கதை

முதலில் செடியைத்தான் எடை போட்டார்கள். 17ஆம் நூற்றாண்டில் பெல்ஜியத்தில் வாழ்ந்த வான் ஹெல்மாண்ட் ஒரு தொட்டியில் 200 பவுண்டு உலர்ந்த மண்ணைப் போட்டு, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டார். ஐந்து வருடம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். கடைசியில் மரத்தின் எடை 169 பவுண்டு. மண்ணின் எடையோ ஏறக்குறைய அப்படியே இருந்தது. சுமார் 2 அவுன்ஸ்தான் குறைந்திருந்தது. அப்படியானால் மரம் முழுக்கத் தண்ணீரால் ஆனது என்று அவர் முடிவு செய்தார். சோதனை அருமை, முடிவு தவறு. அந்தத் தொட்டியைச் சுற்றியிருந்த காற்றை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

காற்றைக் கணக்கில் கொண்டுவர இன்னும் நூறு வருடங்களுக்கு மேல் ஆயிற்று. 1771ல் இங்கிலாந்தில் ஜோசப் பிரீஸ்ட்லி, மெழுகுவர்த்தி எரிந்து அணைந்த காற்றில் ஒரு புதினாச் செடியை வைத்தால் சில நாட்களில் அந்தக் காற்றில் மறுபடியும் மெழுகுவர்த்தி எரியும் என்று கண்டார். 1779ல் இங்கன்ஹவுஸ், அதற்குச் சூரிய ஒளி வேண்டும், செடியின் பச்சைப் பகுதிதான் அதைச் செய்கிறது என்று காட்டினார். 1804ல் ஜெனீவாவைச் சேர்ந்த சோஷூர், செடியின் எடைக்குக் கரியமில வாயுவும் தண்ணீரும் சேர்ந்தே காரணம் என்று அளந்து சொன்னார். ஒளிச்சேர்க்கையின் அடிப்படை தெரிந்துவிட்டது. ஆனால் இவை எல்லாமே ஒரு ஜாடிக்குள் நடந்த சோதனைகள். உலகம் என்ற பெரிய ஜாடியை அளக்க அப்போது யாரிடமும் கருவி இல்லை.

நள்ளிரவில் காற்றுப் பிடித்தவர்

1950களின் நடுவில் கலிஃபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தில் சார்லஸ் டேவிட் கீலிங் என்ற இளம் வேதியியலாளர் வேலைக்குச் சேர்ந்தார். காற்றில் கரியமில வாயு எவ்வளவு என்று துல்லியமாக அளக்க அவருக்கு ஒரு கருவி தேவைப்பட்டது. கடையில் கிடைக்கவில்லை. பழைய ஆய்விதழ் ஒன்றில் இருந்த வடிவமைப்பைப் பார்த்துத் தானே ஒன்றைச் செய்துகொண்டார்.

1955ல் பசிபிக் கடற்கரையை ஒட்டிய பிக் சர் என்ற காட்டுப் பகுதிக்குக் கண்ணாடிக் குடுவைகளை எடுத்துக்கொண்டு போனார். பகலில் மட்டும் அளந்திருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். அவரோ சில மணி நேரத்துக்கு ஒரு முறை, இரவிலும் படுக்கையிலிருந்து எழுந்து, காற்றைக் குடுவையில் பிடித்தார். இப்படிப் பல நாட்கள்.

அப்போது நிலவிய கருத்து, காற்றில் உள்ள கரியமில வாயுவின் அளவு இடத்துக்கு இடம், நாளுக்கு நாள் ஏகத்துக்கும் மாறும் என்பதுதான். கீலிங்கின் குடுவைகள் வேறு கதை சொன்னன. இரவில் அளவு கூடியது, பகலில் குறைந்தது. ஒவ்வொரு நாள் பிற்பகலும் ஏறக்குறைய ஒரே எண்ணுக்கு வந்து நின்றது: பத்து லட்சத்தில் சுமார் 310 பங்கு. வேறு காடுகளிலும் மலைகளிலும் அளந்தார். அங்கேயும் பிற்பகலில் அதே எண்.

காரணம் இதுதான். இரவில் ஒளிச்சேர்க்கை கிடையாது. செடிகளும் மண்ணில் உள்ள நுண்ணுயிர்களும் சுவாசித்து வெளியே விடும் கரியமில வாயு தரையை ஒட்டித் தேங்குகிறது. பகலில் வெயில் ஏற ஏறக் காற்று மேலும் கீழுமாகக் கலக்கிறது. பிற்பகலில் குடுவையில் பிடிபடுவது அந்தக் காட்டின் காற்று மட்டும் அல்ல, பரந்த வளிமண்டலத்தின் காற்று.

கூடுதலாக வந்தது செடி, மண் இவற்றின் மூச்சுதான் என்பதற்கு ஒரு சாட்சியும் கிடைத்தது. கார்பனில் எடை குறைந்தது (கார்பன்-12), கொஞ்சம் எடை கூடியது (கார்பன்-13) என்று இரண்டு நிலையான வகைகள் உண்டு. செடிகள் எடை குறைந்த வகையையே அதிகம் விரும்பி எடுக்கும். இரவில் கூடிய கரியமில வாயுவில் கார்பன்-13 குறைவாக இருந்தது. அதாவது, அது ஏற்கெனவே ஒரு செடியின் உடம்புக்குள் இருந்து வந்த கார்பன்! வாயுவின் அளவை மட்டும் அல்லாமல் அதன் பூர்வீகத்தையும் சொல்ல முடியும் என்று தெரிந்தது.

மௌனா லோவா

1957-58ஆம் ஆண்டுகள் சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டாகக் கொண்டாடப்பட்டன. அமெரிக்க வானிலைத் துறையின் ஹாரி வெக்ஸ்லரும், ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தின் ரோஜர் ரெவெலும் கீலிங்குக்கு ஆதரவு தந்தார்கள். ஹவாய்த் தீவில் மௌனா லோவா எரிமலையின் சரிவில், ஏறக்குறைய 3,400 மீட்டர் உயரத்தில், ஒரு கருவி வைக்கப்பட்டது. பக்கத்தில் காடு இல்லை, தொழிற்சாலை இல்லை. சுற்றிலும் கருங்கல்லாய் உறைந்த எரிமலைக் குழம்பு, அதைத் தாண்டிக் கடல்.

1958 மார்ச்சில் முதல் அளவு: 313. ஏப்ரலில் கொஞ்சம் ஏறியது. மே மாதம் இன்னும் கொஞ்சம். பிறகு மின்தடை. கருவி மறுபடி ஓடத் தொடங்கியபோது எண் இறங்கியிருந்தது. தொடர்ந்து இறங்கியது. நவம்பரில் மீண்டும் ஏறத் தொடங்கியது. கருவியில்தான் ஏதோ கோளாறு என்று யாருக்கும் சந்தேகம் வரும். கீலிங்குக்கும் கவலைதான். ஆனால் அடுத்த வருடமும் அதே ஏற்றம், அதே இறக்கம்.

உலகின் நிலப்பரப்பில் பெரும்பகுதி வட பாதியில் இருக்கிறது. அங்கே வசந்தம் வந்து இலை துளிர்த்ததும் காடுகள் கரியமில வாயுவை இழுக்கத் தொடங்குகின்றன. கோடை முழுவதும் காற்றில் அதன் அளவு இறங்குகிறது. இலையுதிர்காலத்துக்குப் பிறகு உதிர்ந்த இலை மட்கி, இழுத்ததில் பெரும்பகுதி காற்றுக்கே திரும்புகிறது. நடுக்கடலில் ஒரு எரிமலையின் மேல் இருந்த கருவி, ஆயிரக்கணக்கான மைல் தள்ளி இருக்கும் காடுகள் மூச்சு விடுவதைப் பதிவு செய்துகொண்டிருந்தது. மனிதன் முதன்முதலாக முழு உலகின் பச்சையை ஒரே கோட்டில் பார்த்தது அப்போதுதான்.

அந்தக் கோடு இன்னொன்றும் சொன்னது. ஒவ்வொரு வருடமும் ஏறி இறங்கினாலும், இறங்கி நிற்கும் இடம் போன வருடத்தைவிட மேலே இருந்தது. 1960ல் வெளிவந்த கீலிங்கின் கட்டுரை இதையும் காட்டியது. நிலக்கரியையும் எண்ணெயையும் எரிப்பதால் வரும் ஏற்றம் அது. உலகம் இன்று கீலிங் வளைவை நினைவில் வைத்திருப்பது இந்த இரண்டாவது செய்திக்காகத்தான். முதல் செய்தியும் அதே அளவு பெரியது.

மூச்சு பெரிதாகிறது

பல பத்தாண்டுகள் தொடர்ந்து அளந்ததால்தான் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. 1996ல் கீலிங்கும் அவருடைய சகாக்களும் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். 1960களின் தொடக்கத்தோடு ஒப்பிட்டால், வருடாந்திர ஏற்ற இறக்கத்தின் அளவு ஹவாயில் 20 சதவீதமும் ஆர்க்டிக் பகுதியில் 40 சதவீதமும் கூடியிருந்தது. வசந்த கால இறக்கம் சுமார் 7 நாட்கள் முன்னதாகவே தொடங்கியது. வடக்கில் குளிர்காலம் சீக்கிரம் முடிகிறது, செடிகள் முன்பைவிட அதிக நாட்கள் வளர்கின்றன என்று இதைப் புரிந்துகொண்டார்கள். 2013ல் ஹெதர் கிரேவன் தலைமையில் வந்த ஆய்வு, விமானங்களில் எடுத்த அளவுகளைக் கொண்டு, வட அட்சரேகை 45 பாகைக்கு மேலே இந்த ஏற்ற இறக்கம் 1958-61 காலத்தைவிடச் சுமார் 50 சதவீதம் கூடிவிட்டது என்று காட்டியது.

மனிதன் எரித்து வெளியே விடும் கரியமில வாயுவில் ஏறக்குறையப் பாதிதான் காற்றில் தங்குகிறது. மீதியைக் கடலும் தாவரங்களும் பங்கு போட்டுக்கொள்கின்றன. யார் பங்கு எவ்வளவு? கரியமில வாயுவை மட்டும் அளந்தால் இதைப் பிரிப்பது மிகவும் கடினம்.

இதற்கு விடை தேடியவர் கீலிங்கின் மகன் ரால்ஃப் கீலிங். அவர் எடுத்துக்கொண்ட வாயு ஆக்சிஜன். எரிபொருள் எரியும்போது ஆக்சிஜன் செலவாகிறது. செடி கரியமில வாயுவை எடுத்தால் பதிலுக்கு ஆக்சிஜனைத் தருகிறது. கடல் நீர் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டால் பதிலுக்கு எதுவும் தருவதில்லை. ஆகவே ஆக்சிஜன் எவ்வளவு குறைகிறது என்று தெரிந்தால், செடிக்கும் கடலுக்கும் போன பங்கைப் பிரித்துவிடலாம்.

கேட்கச் சுலபம். ஆனால் காற்றில் ஆக்சிஜன் பத்து லட்சத்தில் 2,09,500 பங்கு இருக்கிறது. அதில் ஒரு வருடத்தில் ஏற்படும் குறைவு சுமார் 4 பங்குதான். (மூச்சு முட்டிவிடுமோ என்ற பயம் வேண்டாம், இது அவ்வளவு சிறிய அளவு.) ஒரு லாரி நெல்லில் ஒரு கைப்பிடி குறைந்ததைக் கண்டுபிடிப்பது போன்ற வேலை. காற்று ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதை வைத்து அளக்கும் கருவி ஒன்றை 1980களின் கடைசியில் ரால்ஃப் உருவாக்கினார். 1996ல் அவர் குழு தந்த விடை: 1991 முதல் 1994 வரை எரிபொருளிலிருந்து வந்த கரியமில வாயுவில் கடல்கள் சுமார் 30 சதவீதத்தையும், வட பகுதி நிலத் தாவரங்கள் சுமார் 30 சதவீதத்தையும் எடுத்துக்கொண்டன.

எச்சில் இலையை எண்ணுவது

இத்தனை அளந்த பிறகும் முதல் கேள்வி அப்படியே நின்றது. செடிகள் மொத்தம் எவ்வளவு சாப்பிடுகின்றன?

ஒரு கல்யாண மண்டபத்தை நினைத்துப் பாருங்கள். ஆட்கள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருக்கிறார்கள். ஒரு நேரத்தில் உள்ளே எத்தனை பேர் என்று எண்ணினால், மொத்தம் எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று தெரியாது. காற்றில் கரியமில வாயுவை அளப்பதும் அப்படித்தான். செடிகள் ஒரு பக்கம் எடுக்கின்றன. அவையும் மண்ணும் இன்னொரு பக்கம் திருப்பி விடுகின்றன. காற்றில் தெரிவது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும். நிலத் தாவரங்கள் ஆண்டுக்கு 12,000 கோடி டன் கார்பனை எடுக்கின்றன என்ற எண்தான் பல காலம் பாடப் புத்தகங்களில் இருந்தது. அதில் மிகச் சிறிய பகுதி போக மற்றதெல்லாம் திரும்பி வந்துவிடுகிறது.

பந்தியில் எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று தெரிய வேண்டுமானால் சமையல்காரர் எச்சில் இலையை எண்ணுவார். போட்ட இலை மறுபடி பந்திக்கு வராது அல்லவா? அதேபோல, இலைக்குள் போய்விட்டுத் திரும்பி வராத ஒரு வாயு வேண்டும்.

அப்படி ஒன்று இருந்தது. பெயர் கார்பனைல் சல்பைடு. கரியமில வாயுவில் ஒரு கார்பனும் இரண்டு ஆக்சிஜனும் உண்டு. அதில் ஒரு ஆக்சிஜனை எடுத்துவிட்டு ஒரு கந்தகத்தை வைத்தால் கார்பனைல் சல்பைடு. கடலிலிருந்தும், எரிமலையிலிருந்தும், ரேயான் போன்றவற்றைத் தயாரிக்கும் தொழில்களிலிருந்தும் காற்றுக்கு வருகிறது. ஒரு லட்சம் கோடி மூலக்கூறுகளில் சுமார் 500தான் இது. கரியமில வாயு இதைப் போல எட்டு லட்சம் மடங்கு அதிகம்.

1970களில் இது காற்றில் இருப்பது தெரிந்தபோது தாவரங்களுக்காக யாரும் இதைக் கவனிக்கவில்லை. 1976ல் பால் குருட்சன், அடுக்கு மண்டலத்தில் உள்ள கந்தகத் துகள்களுக்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்று எழுதினார். கவனம் அந்தப் பக்கம் போனது. பிறகு இலைகளை ஆராய்ந்தவர்கள் ஒரு விஷயத்தைக் கண்டார்கள். இந்த வாயு கரியமில வாயு போகும் அதே இலைத்துளை வழியாக உள்ளே போகிறது. உள்ளே கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதி அதை உடைத்துவிடுகிறது. உடைந்தது மறுபடி கார்பனைல் சல்பைடாகத் திரும்புவதில்லை. செடியின் சுவாசத்திலும் அது வெளியே வருவதில்லை. எச்சில் இலை கிடைத்துவிட்டது!

நோவா என்று சுருக்கமாக அழைக்கப்படும் அமெரிக்கக் கடல், வளிமண்டல அமைப்பு 2000ஆம் ஆண்டு முதல் பல இடங்களில் குடுவைகளில் பிடித்த காற்றில் இந்த வாயுவை அளந்தது. ஸ்டீபன் மான்ட்ஸ்காவும் சகாக்களும் 2007ல் வெளியிட்ட முடிவுகளில், வட பாதியில் ஒவ்வொரு வளர்ச்சிக் காலத்திலும் அது இறங்குவது தெளிவாகத் தெரிந்தது. விகிதப்படி பார்த்தால் இந்த இறக்கம் கரியமில வாயுவின் இறக்கத்தைவிடப் பல மடங்கு பெரியது. 2004 கோடையில் நாசாவின் விமானம் வட அமெரிக்காவின் மேல் பறந்து சேகரித்த அளவுகளை எலியட் காம்ப்பெல் குழு ஆராய்ந்து, அந்த இறக்கத்துக்கு ஒளிச்சேர்க்கையே முக்கியக் காரணம் என்று 2008ல் சயின்ஸ் இதழில் எழுதியது.

அண்டார்டிகாவின் பனிக்குள் பழைய காற்று சிக்கியிருக்கிறது. அதிலும் இந்த வாயுவை அளந்தார்கள். அதை வைத்து 2017ல் காம்ப்பெல் குழு சொன்ன முடிவு பலரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. இருபதாம் நூற்றாண்டில் உலகத் தாவரங்களின் ஒளிச்சேர்க்கை சுமார் 31 சதவீதம் கூடியிருக்கிறது. 2024ல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜியாமெங் லாய், யிங் சன் ஆகியோர் அடங்கிய குழு, இதே வாயுவின் துணையோடு ஆண்டுக்கு 15,700 கோடி டன் என்ற மதிப்பீட்டை வெளியிட்டது. வேறு வழியில் போனவர்களும் இதற்குப் பக்கத்தில்தான் வந்திருந்தார்கள். கரியமில வாயுவில் உள்ள ஆக்சிஜன்-18 என்ற ஐசோடோப்பை வைத்து லிசா வெல்ப் குழு 2011லேயே 15,000 முதல் 17,500 கோடி டன் இருக்கலாம் என்று சொல்லியிருந்தது. பழைய 12,000 கோடி குறைவான மதிப்பீடு என்ற எண்ணம் வலுத்தது.

இந்தக் கணக்கிலும் ஓட்டைகள் உண்டு. அந்த நொதிக்கு வெளிச்சம் தேவையில்லை. இரவில் இலைத்துளை கொஞ்சம் திறந்திருந்தாலும் கார்பனைல் சல்பைடு உள்ளே போய்விடும், ஒளிச்சேர்க்கையோ நடக்காது. காட்டு மண்ணும் இதை உறிஞ்சும். சூடான வயல் மண் சில நேரம் இதை வெளியே விடும். கடலிலிருந்து எவ்வளவு வருகிறது என்பதில் இன்னும் விவாதம் இருக்கிறது. அதனால்தான் ஒரே வாயுவை நம்பாமல், பல வாயுக்களின் சாட்சியைச் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

அதிகம் சாப்பிட்டால் நல்லதுதானே?

செடிகள் 31 சதவீதம் அதிகமாகச் சாப்பிடுகின்றன என்றால் கவலை தீர்ந்தது என்று சிலர் சொல்வதுண்டு. அதே கருவிகள் அதற்கும் பதில் வைத்திருக்கின்றன. மௌனா லோவாவில் 1958ல் 313ஆக இருந்த எண், 2025 மே மாதத்தின் சராசரியில் 430ஐத் தாண்டியது. செடிகள் கூடுதலாக எடுத்த பிறகும் நிலைமை இது. எடுத்ததில் பெரும்பகுதி மூச்சாகவும் மட்கலாகவும் தீயாகவும் திரும்பி வருகிறது. வறட்சியும் காட்டுத் தீயும் கூடினால் திரும்பி வருவதும் கூடும். செடிகள் இதுவரை செய்த உதவி இனிமேலும் கிடைக்குமா என்பதுதான் இன்றைய கேள்வி. விடை வருடா வருடம் காற்றில்தான் எழுதப்படும். அதைப் படிக்க அளவுகள் அறுபடாமல் இருக்க வேண்டும்.

அறுந்த நாட்களும் உண்டு. 1964ல் பணம் குறைக்கப்பட்டதால் மௌனா லோவா பதிவில் சில மாதங்கள் வெற்றிடம். வெறும் வழக்கமான அளவெடுப்புக்கு எதற்கு ஆராய்ச்சிப் பணம் என்று கீலிங் பல முறை கேட்கப்பட்டார். 2005ல் இறக்கும் வரை அவர் அதற்காகப் போராடிக்கொண்டே இருந்தார். அதன் பிறகு அந்தப் பொறுப்பை ரால்ஃப் ஏற்றார். 2022 நவம்பரில் மௌனா லோவா வெடித்து, எரிமலைக் குழம்பு சாலையையும் மின்கம்பியையும் அறுத்தது. பக்கத்து மலையான மௌனா கேயாவில் தற்காலிகமாகக் கருவி வைத்து வேலையைத் தொடர்ந்தார்கள். 2025ல் அமெரிக்க அரசின் பட்ஜெட் முன்மொழிவு, மௌனா லோவா நிலையம் உட்பட நோவாவின் காலநிலை ஆய்வகங்களுக்கான நிதியை நிறுத்தச் சொன்னது.

எரிமலை சாலையை அறுத்தால் வேறு மலை கிடைத்துவிடும். ஆனால் அளக்காமல் விட்ட ஒரு வருடத்தின் காற்றைப் பிறகு எந்தப் பணம் கொடுத்தும் குடுவையில் பிடிக்க முடியாது. ஏழு நாள் முன்னதாக வந்த வசந்தத்தையும், பெரிதாகிக்கொண்டே வரும் மூச்சையும் கண்டுபிடித்தது ஒரே நாளில் தோன்றிய பெரிய யோசனை இல்லை. ஒவ்வொரு நாளும் அலுக்காமல் எடுத்த அதே அளவு, அதே நோட்டுப் புத்தகத்தில் எழுதிய அடுத்த வரி, அவ்வளவுதான்.